ரெஜிஸ்டர்ல மட்டும் தண்ணி வந்த ஹைட்ரன்ட்

ஏழு மாசம், பதினோரு தடவ அலைச்சல், மூணு நாள் லீவு. எங்க தெருவுல இருக்குற ஒரு ஹைட்ரன்ட்ல, அதாவது தீயணைப்பு வண்டி ஹோஸ் மாட்டி தண்ணி எடுக்குற குழாய்ல, தண்ணி வர வைக்குறதுக்கு இவ்வளவும் ஆச்சு. போன வாரம்தான் வந்துச்சு. எனக்கு இன்னும் கோபம் முழுசா அடங்கல, ஆனா மறந்து போறதுக்குள்ள எழுதிடுறேன், உங்க தெருவுல யாராவது இத கையில எடுத்தீங்கன்னா பாதி அலைச்சலாவது மிச்சமாகட்டும்.

ஆரம்பம் இப்படி. பக்கத்து பில்டிங் கீழ்த்தளத்துல அட்டப்பெட்டி அடுக்கி வச்சிருந்த குடோன்ல தீ பிடிச்சுது. வண்டி சீக்கிரமே வந்துச்சு, அவங்கள ஒரு குறை சொல்ல முடியாது. வண்டில இருந்தது 4500 லிட்டர், நிமிஷத்துக்கு 450 லிட்டர் போற ஹோஸ் ரெண்டு பிடிச்சாங்க, அப்போ அஞ்சே நிமிஷம்தான். டேங்க் காலியாகி ஹோஸ் தொங்கிப் போச்சு. ஒரு வீரர் ஓடி வந்து "இங்க ஹைட்ரன்ட் எங்க இருக்கு, யாருக்காவது தெரியுமா"ன்னு கத்துனார். நாப்பது பேர் நின்னோம், ஒருத்தருக்கும் தெரியல. அடுத்த வண்டி வர பன்னெண்டு நிமிஷம் ஆச்சு, அதுக்குள்ள தீ முதல் மாடி ஏறிடுச்சு. உயிருக்கு ஒண்ணும் ஆகல. ஆனா அந்த மாடி வீட்டம்மா ரோட்டுல நின்னு தன் ஜன்னல்லேர்ந்து புகை வர்றத பாத்துக்கிட்டு இருந்தாங்க பாருங்க, அது இன்னும் கண்ணுலயே நிக்குது. தண்ணி வண்டி வர்றதுக்கு நாங்க காத்துக்கிட்டு நின்ன ரோட்டுக்கு அடியிலயே குடிதண்ணி மெயின் லைன் போகுது.

மறுநாள் ஃபயர் ஸ்டேஷன் போனேன். ஆபீசர் உக்கார வச்சு பேசினார். "சார், நாங்க தண்ணி எடுக்குறவங்க, குழாயும் வால்வும் தண்ணி ஆபீஸோடது, அங்க போய் கேளுங்க"ன்னார். சரின்னு தண்ணி ஆபீஸ் போனா கவுன்ட்டர்ல இருந்தவர் தலையத் தூக்காமலே "ஹைட்ரன்ட்டா, அது ஃபயர் சமாச்சாரம், அங்க போங்க"ன்னார். "அங்க போயிட்டுதான் சார் வர்றேன்"னேன். "அப்ப எழுதிக் குடுத்துட்டு போங்க"ன்னார். எழுதிக் குடுத்தேன். மூணு வாரம் கழிச்சு போய் கேட்டா, "அப்படி ஒரு மனு இங்க வரலையே". இங்கதான் நான் பண்ண முதல் தப்பு, காப்பில சீல் வாங்கல. அவசரத்துல அவர் கையில குடுத்துட்டு வந்துட்டேன். தயவுசெஞ்சு ரெண்டு காப்பி எடுத்துட்டு போங்க, ஒண்ணுல தேதியோட சீல் வாங்காம அந்த கவுன்ட்டர விட்டு நகராதீங்க.

அடுத்த மனுவ வேற மாதிரி எழுதினேன். ஒரே லெட்டர், மேல ரெண்டு ஆபீஸ் பேரும் போட்டு, ரெண்டு இடத்துலயும் குடுத்து ரெண்டு சீலும் வாங்கினேன். "அவங்கள கேளுங்க"ன்னு இவங்களும் "இவங்கள கேளுங்க"ன்னு அவங்களும் சொல்றது அன்னியோட நின்னுச்சு, ஏன்னா ரெண்டு பேர் கையிலயும் அதே பேப்பர் இருக்கு. இன்னொண்ணு, "ஹைட்ரன்ட்ட செக் பண்ணுங்க"ன்னு எழுதாதீங்க. செக் பண்றதுன்னா மூடி இருக்கான்னு பாத்துட்டு போறதுன்னு அர்த்தம் பண்ணிக்குவாங்க. "ஃப்ளோ டெஸ்ட் எடுத்து அளவ எழுத்துல குடுங்க"ன்னு கேளுங்க, அதாவது தண்ணிய ஓட விட்டு எவ்வளவு வருதுன்னு அளக்கணும். இந்த ஒரு வார்த்தைக்கு நான் நாலு மாசம் குடுத்திருக்கேன்.

அப்பதான் ஹைட்ரன்ட் நிலைய எழுதி வைக்குற ரெஜிஸ்டர காமிச்சாங்க. எங்க தெரு ஹைட்ரன்ட்டுக்கு நம்பர் இருக்கு, அதுக்கு நேரா வருஷா வருஷம் "நல்ல நிலையில் உள்ளது". மேலயும் கீழயும் இருக்குற எல்லா ஹைட்ரன்ட்டுக்கும் அதே கையெழுத்து, அதே வரி. "சார் இது எப்படி டெஸ்ட் பண்ணி எழுதினது"ன்னு கேட்டேன். பதில் வரல. தீ எரிஞ்ச அன்னிக்கும் அந்த ரெஜிஸ்டர்ல அது நல்ல நிலையிலதான் இருந்திருக்குன்னு நினைச்சப்போ கை நடுங்கிப் போச்சு.

சரி, ஹைட்ரன்ட் எங்க? எங்களோடது தரைக்கு அடியில இருக்குற வகை, மேல இரும்பு மூடி மட்டும் தெரியும், தீ வந்தா மூடியத் திறந்து ஸ்டாண்ட்பைப்ப, அதாவது தரைக்கு மேல நிமிந்து நிக்குற குழாய, மாட்டி ஹோஸ் போடணும். அந்த மூடியே கண்ணுக்குத் தெரியல. பக்கத்துல செவுத்துல இருக்க வேண்டிய அடையாளத் தகடும் இல்ல. டிராயிங் வேணும்னாங்க, டிராயிங் செக்‌ஷன் வேற கட்டடம், அங்க போனா அன்னிக்கு பொறுப்பான ஆள் வரல, இன்னொரு நாள் போனேன். டிராயிங் கிடைச்சுது, அதுல மூலை வீட்டு செவுத்துலேர்ந்து அளவு போட்டிருக்கு. அந்த வீட்ட இடிச்சு கட்டி பல வருஷம் ஆகுது, செவுரே தள்ளிப் போயிடுச்சு.

கடைசில காப்பாத்துனது ரிட்டயர் ஆன ஒரு வால்வு திறக்குறவர். ஆபீஸ்ல இருந்த ஒரு லைன்மேன்தான் "அண்ணன் ஒருத்தர் இருக்கார், அவருக்கு இந்த ஏரியா முழுக்க மனப்பாடம்"னு சொல்லி அழைச்சிட்டு வந்தார். பெரியவர் ரோட்டுல அங்கயும் இங்கயும் நாலு தடவ நடந்தார், எதிர் வீட்டு மீட்டர் பெட்டியப் பாத்தார், அப்புறம் கால ஊனி "தம்பி, இங்க வெட்டச் சொல்லு"ன்னார். மெட்டல் டிடெக்டர் வச்சு பாத்தா சத்தம் குடுக்குது. ரோடு வெட்ட பர்மிஷன் வாங்க இன்னொரு மாசம், அத விட்டுடுறேன். வெட்டினா நாலு விரக்கட தாருக்கு அடியில மூடி. ஒவ்வொரு தடவ ரோடு போடும்போதும் மூடிய ஒசத்தி வைக்கணும், இல்லன்னா அதுக்கு மேலயே தார் ஏறிடும். உங்க தெருவுல ரோடு வேலை நடக்குற அன்னிக்கு ஒருத்தராவது போய் நில்லுங்க, அன்னிக்கு விட்டா அப்புறம் என்ன மாதிரிதான்.

திறந்தாச்சு, எல்லாரும் வந்தாச்சு, ஸ்டாண்ட்பைப்ப மாட்டுனாங்க, ஃபயர் வண்டி ஹோஸ் அதுல சேரல. தண்ணி ஆபீஸ் கொண்டு வந்த ஸ்டாண்ட்பைப்போட கப்ளிங் (ஹோஸ மாட்டுற இணைப்பு) வேற, வண்டில இருந்தது வேற. அன்னிக்கு டெஸ்ட் கேன்சல், நான் லீவு போட்டது வீண். எனக்கு அங்க ஞாபகம் வந்தது 1904 பால்டிமோர் தீ. வாஷிங்டன், ஃபிலடெல்ஃபியா, நியூயார்க்னு வெளியூர்லேர்ந்து வண்டிங்க வந்தும் பல ஹோஸ் அந்த ஊர் ஹைட்ரன்ட்ல மாட்ட முடியல, 1500க்கு மேல கட்டடம் எரிஞ்சு போச்சு. அதுக்கப்புறம்தான் அங்க கப்ளிங் எல்லாத்துக்கும் ஒரே மரை வேணும்னு ஸ்டாண்டர்டே கொண்டு வந்தாங்க. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, எங்க தெருவுல அதே கப்ளிங் பிரச்சனை. ஆனா ஒரு வகையில அன்னிக்கு தெரிஞ்சது நல்லதுதான், தீ எரியும்போது தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்போம்?

அடுத்த தடவ சரியான கப்ளிங்கோட வந்தாங்க. இனிமே சொல்றதுதான் முக்கியம், இதுலதான் நான் ஏமாந்து வீட்டுக்கு போயிருப்பேன்.

ஹைட்ரன்ட்ல கேஜ் மாட்டி, தண்ணிய ஓட விடாம பிரஷர் பாத்தாங்க, 4 பார் காட்டுச்சு. இன்ஜினியர் முகம் மலர்ந்து போச்சு, "பாத்தீங்களா சார், நல்ல பிரஷர்"னு ஃபைல மூடப் பாத்தார். ஃபயர் ஆபீசர்தான் "ஓட விட்டுப் பாக்கணும்"னு நின்னார், அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கேன். ஓடாத தண்ணி எப்பவும் நல்ல பிரஷர்தான் காட்டும், குழாய்ல தலமுடி அளவு வழி மட்டும் விட்டு அடைச்சிருந்தாலும் காட்டும், ஏன்னா தண்ணி நகரலன்னா உரசி இழக்குறதுக்கு ஒண்ணும் இல்ல. ஓட விட்டாதான் உண்மை வெளிய வரும். முறை என்னன்னா, ஒரு ஹைட்ரன்ட்ல கேஜ வச்சுட்டு பக்கத்து ஹைட்ரன்ட்ட முழுசா திறக்கணும், திறந்ததுல வெளிய பாயுற தண்ணிக்கு நடுவுல பிடோட் கேஜ (பாயுற வேகத்த பிரஷரா காட்டுற கருவி) பிடிச்சு எவ்வளவு வருதுன்னு கணக்கு போடணும், அதே நேரம் முதல் ஹைட்ரன்ட்ல பிரஷர் எவ்வளவு விழுதுன்னு பாக்கணும். 1.4 பாருக்கு கீழ போகக்கூடாது. அதுக்கு கீழ வண்டி பம்ப் இழுத்தா குழாய்க்குள்ள வெற்றிடம் மாதிரி ஆகி, ஓட்ட இருக்குற இடத்துல வெளிய இருக்குற அழுக்குத் தண்ணியக் கூட உள்ள இழுத்துடும், நாம குடிக்குற லைன் அது.

எங்க தெருமுனை ஹைட்ரன்ட்ட திறந்தாங்க. எங்க வீட்டு எதிர்ல இருந்த கேஜ் 4லேர்ந்து 0.4க்கு விழுந்துச்சு. தெருமுனைல தண்ணி துப்புற மாதிரி வருது, பிடோட் கேஜ் முள்ளு அசையவே இல்ல. யாரும் பேசல. அந்த அமைதில எனக்கு அழுகையே வந்துடுச்சு, ஆத்திரமா நிம்மதியான்னு சொல்லத் தெரியல.

குழாய் பழசு, உள்ள துரு கட்டியிருக்கும், மாத்தணும், பட்ஜெட் வேணும்னு இன்ஜினியர் ஆரம்பிச்சார். அது நடக்கக்கூடியதுதான், பழைய இரும்புக் குழாய்ல துரு முடிச்சு முடிச்சா வளந்து வழிய குறுக்கிடும், அகலம் பாதியானா தண்ணி பாதியாகாது, அதே பிரஷர் இழப்புக்கு ஆறுல ஒரு பங்குதான் வரும். ஆனா பெரியவர் ஒத்துக்கல. "துருவுக்கு இவ்வளவு விழாது தம்பி, எங்கயோ வால்வு மூடியிருக்கு"ன்னார். எங்க லைன் 150 மில்லிமீட்டர், ரெண்டு பக்கமும் பெரிய லைன்ல சேர்ற மாதிரி போட்டது, ரெண்டு பக்கத்துலேர்ந்தும் தண்ணி வரணும். ஒரு பக்கம் மூடினா டெட் எண்ட், அதாவது ஒரு பக்கத்துலேர்ந்து மட்டும் தண்ணி வர்ற முட்டு லைன், ரெண்டாவது பக்கமும் அரைகுறையா இருந்தா முடிஞ்சுது கதை. வீட்டுக் குழாய்க்கு அந்த கொஞ்சம் தண்ணியே போதும், அதனால யாருக்கும் சந்தேகம் வராது.

ஒவ்வொரு வால்வு சேம்பரா திறந்து பாத்தோம். ரெண்டாவது சேம்பர்ல இருந்த வால்வு முழு மூடல். எப்பவோ லீக் ரிப்பேர் பண்ணும்போது மூடிட்டு திறக்காமலே போயிருக்காங்க, எத்தன வருஷம்னு யாருக்கும் தெரியல. அஞ்சாவது சேம்பர்ல இருந்தது மூணு சுத்து மட்டும் திறந்திருக்கு. அந்த அளவு வால்வு முழுசா திறக்க ஏறக்குறைய இருபது சுத்து வேணும். ஒரு லைன்மேன் சாவியப் போட்டு வேகமா திருப்பப் போனார், பெரியவர் கையப் பிடிச்சு நிறுத்தினார். வேகமா திறந்தாலோ மூடினாலோ தண்ணி குழாய்ல சம்மட்டி மாதிரி அடிக்கும், பழைய ஜாயின்ட் விட்டுடும். ரெண்டு சுத்து, நிறுத்து, மறுபடி ரெண்டு சுத்து, இப்படியே ஒன்ற மணி நேரம் ரெண்டு வால்வையும் திறந்தாங்க.

அப்புறம் ஹைட்ரன்ட்ட திறந்ததும் முதல்ல செங்கல் கலர்ல வந்துச்சு, இருபது நிமிஷம் ஓட விட்டு தெளிஞ்சப்புறம் டெஸ்ட். எங்க எதிர்ல கேஜ் 4லேர்ந்து 2.6க்கு இறங்கி அங்கயே நின்னுச்சு. பிடோட் 0.7 பார், கிட்டத்தட்ட நிமிஷத்துக்கு 2000 லிட்டர். பிரஷர 1.4 வரைக்கும் இறக்குனா எவ்வளவு கிடைக்கும்னு ஃபயர் ஆபீசர் கணக்கு போட்டு 2800ன்னு எழுதினார். அமெரிக்காவோட தீ பாதுகாப்பு அமைப்பான என்எஃப்பிஏ போட்ட 291ங்கற வழிகாட்டில, நிமிஷத்துக்கு எவ்வளவு வருதுன்னு பாத்து ஹைட்ரன்ட்டுக்கு கலர் குடுப்பாங்க, 1900 லிட்டருக்கு கீழன்னா சிவப்பு, அதுலேர்ந்து 3800 வரைக்கும் ஆரஞ்சு, அதுக்கு மேல பச்சை, 5700க்கு மேல வெளிர் நீலம். காலைல சிவப்புக்கும் கீழ இருந்தது சாயங்காலம் ஆரஞ்சு. புதுக் குழாய் ஒரு அடி போடல, பட்ஜெட் கேக்கல, ரெண்டு வால்வு. அன்னிக்கு அந்த வண்டிக்கு இந்தத் தண்ணி கிடைச்சிருந்தா நாலு ஹோஸ் பிடிச்சிருக்கலாம், அந்த அம்மா வீடு தப்பிச்சிருக்கும்.

டெஸ்ட் எடுக்குறவங்களுக்கு ஒண்ணு ரெண்டு. முதல் நாளே தெருவுல எல்லா வீட்டுக்கும் சொல்லிடுங்க, துருத்தண்ணி வீட்டுக் குழாய்லயும் வரும், துணி ஊறப்போட்டா கறை போகாது. நாங்க சொல்லாம விட்டு நாலு வீட்ல திட்டு வாங்கினோம், அவங்க கேட்டது நியாயம். ஓட விடுற தண்ணி எங்க போகும்னும் முன்கூட்டியே பாத்துக்கோங்க, நிமிஷத்துக்கு 2000 லிட்டர்னா தாழ்வான வீட்டுக்குள்ள போயிடும். கேஜ் முள்ளு காட்டுறத போன்ல போட்டோ எடுங்க, ஓடாதப்போ ஒண்ணு, ஓடும்போது ஒண்ணு. ரெஜிஸ்டர்ல "நல்ல நிலை"ன்னு எழுத வந்தாங்கன்னா விடாதீங்க, மூணு எண்ணும் எழுதச் சொல்லுங்க, ஓடாத பிரஷர், ஓடும்போது பிரஷர், நிமிஷத்துக்கு எத்தன லிட்டர். வருஷத்துக்கு ஒரு தடவையாவது திறந்து பாக்கணும், அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ முழு ஃப்ளோ டெஸ்ட் எடுக்கணும், இதையும் லெட்டர்லயே கேட்டு வாங்குங்க.

இப்போ மூடியச் சுத்தி மஞ்சப் பெயின்ட் அடிச்சிருக்கு, செவுத்துல தகடு மாட்டியாச்சு. மூடி மேல கார் நிறுத்துறவங்ககிட்ட தினம் போய் சொல்லிட்டு வர்றேன், ரெண்டு பேர் கேட்டுக்கிட்டாங்க, ஒருத்தர் இன்னும் கேக்கல. அந்த மாடி வீட்டம்மாகிட்ட ரெஜிஸ்டர் பக்கத்தோட காப்பிய காமிச்சேன், ரொம்ப நேரம் பாத்துட்டு "பின் தெருவுக்கும் எடுத்தாச்சாப்பா"ன்னு கேட்டாங்க. பின் தெருவுல ரெண்டு ஹைட்ரன்ட் இருக்கு, ரெண்டுக்கும் ரெஜிஸ்டர்ல அதே கையெழுத்துல அதே வரி. மனு குடுத்துட்டேன், ரெண்டு சீலும் இருக்கு, வர்ற வியாழக்கிழமை பெரியவர் வர்றேன்னு சொல்லியிருக்கார்.