இரண்டரை விழுக்காடும் இரண்டு விழுக்காடும்

குடல் அழற்சியிலிருந்து பெருங்குடல் புற்றுநோய் எப்படி உருவாகிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஏபிசி மரபணுவில் பிறழ்வு கொண்ட ஏபிசி மின் வகைச் சுண்டெலிகளில் கட்டிகள் தாமாகவே வந்துவிடும், ஆனால் பெரும்பாலும் சிறுகுடலில்தான் வரும் என்பதால், புற்றுநோயைத் தூண்டும் அசாக்சிமீத்தேனும் குடல் உட்படலத்தைப் புண்ணாக்கும் டிஎஸ்எஸ்ஸும் கொடுக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தேன்.

விலங்கு நெறிமுறைக் குழுவிடம் அனுமதி கேட்டுப் படிவம் பி எழுதியபோது, எடை 20 விழுக்காடு குறைந்தால் அந்த எலியைக் கருணைக்கொலை செய்வேன் என்று குறிப்பிட்டிருந்தேன். எழுதும்போது அது வெறும் எண்ணாகத்தான் இருந்தது.

கிலோ எடைக்கு 10 மில்லிகிராம் அசாக்சிமீத்தேனை வயிற்றறைக்குள் ஒரே ஊசியாகப் போட வேண்டும். ஒரு வாரம் கழித்து, டிஎஸ்எஸ் தூளை 5 நாள் குடிநீரில் கலந்து கொடுத்து, பின் 14 நாள் வெறும் தண்ணீர் தர வேண்டும். இது மூன்று சுற்று. எங்கள் ஆய்வகத்தில் வழக்கமாக 2.5 விழுக்காடு கரைசல்தான். நானும் அதையே கரைத்தேன், தூள் மட்டும் புது லாட், அதாவது வேறு தயாரிப்புத் தொகுதி. ஒரே நிறுவனத்தின் தூளாக இருந்தாலும் லாட்டுக்கு லாட் வீரியம் மாறும் என்று படித்திருந்தும், முன்சோதனை செய்யச் சோம்பல்பட்டேன்.

ஆறாம் நாள் தூளை நிறுத்தியும் எடை இறங்கிக்கொண்டே போனது. அடையாளத்துக்காக இடது காதில் இரண்டு துளை போட்ட எலி தொடக்கத்தில் 24.1 கிராம், ஒன்பதாம் நாள் காலை தராசு 19.0 காட்டியது, வாலடியில் ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. அந்த வாரத்தில் பத்தில் ஆறு எலிகளை நானே கரியமில வாயுப் பெட்டியில் வைக்க வேண்டியதாயிற்று.

அடுத்த முறை 1.5, 2, 2.5 விழுக்காட்டில் நான்கு நான்கு எலிகளாக முதலில் சோதித்து, 2 விழுக்காட்டை முடிவு செய்தேன். எவ்வளவு குடிக்கின்றன என்றறிய நாள்தோறும் தண்ணீர் பாட்டிலையும் எடை போட்டேன். கசியும் பாட்டில் ஒன்று அப்படித்தான் அகப்பட்டது.

பன்னிரண்டாம் வாரம் குடலை நீளவாக்கில் வெட்டி, உப்புநீரில் அலசி, மெத்திலீன் நீலம் தடவிப் பார்த்தபோது, ஆசனவாய்ப் பக்கத்தில் கட்டிகள் மொட்டு மொட்டாக நின்றன. நான் ஏழு எண்ணினேன், எண்ணிப் பார்த்த தோழி ஒன்பது என்றாள். குடலைச் சுருட்டி மெழுகில் பதித்துச் சீவல் எடுத்துப் பார்த்தபின், அவள் கூடுதலாக எண்ணிய இரண்டில் ஒன்று நிணத்திசுத் திட்டு என்றும் மற்றது கட்டியேதான் என்றும் தெரிந்தது.