நிறுத்தியவர் யார்?

கடுமையான கரப்பான் (எக்சிமா) தோல்நோய்க்கு டூபிலுமாப் ஊசி போட்டுக்கொள்பவர்களில் யார் அதை நெடுநாள் தொடர்வார்கள், யார் இடையில் விடுவார்கள் என்று கணிக்கும் மாதிரியொன்றை, இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையின் தோல் பிரிவுக்காக உருவாக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. காலம் செல்லச் செல்ல எத்தனை பேர் மருந்தில் எஞ்சுகிறார்கள் என்று காட்டும் கப்லான்-மேயர் வரைகோடு எனக்குப் புதிதல்ல. நான் தடுமாறியது ‘நிறுத்தினார்’ என்ற ஒரு சொல்லில்தான்.

பெரியவர்களுக்கு முதல் நாள் 600 மில்லிகிராம், பின்பு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 300 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. ஆகவே, வீட்டுக்கு மருந்து அனுப்பிய தேதிகளை எடுத்து, 90 நாள்களுக்கு மேல் அடுத்த பெட்டி போகாதவர் நிறுத்திவிட்டார் என்று நானே விதி வகுத்தேன். வந்த முடிவோ விசித்திரமாக இருந்தது: தோல் நன்றாகத் தெளிந்தவர்களே அதிகம் கைவிடுகிறார்களாம். செவிலியரிடம் காட்டியபோது, அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு நோயாளியின் மருத்துவக் கடிதத்தைத் திறந்து காட்டினார். “முழங்கை மடிப்பில் மட்டும் சிறு திட்டு. இனி நான்கு வாரத்துக்கு ஒன்று போதும்.” எட்டு வாரத்துக்கென்று போன நான்கு ஊசிகள் அவருக்குப் பதினாறு வாரம் வந்திருக்கின்றன, என் அட்டவணையிலோ அவர் மருந்தை விட்டவர்.

அதன்பின் கடிதங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். (அலுப்பான வேலைதான், ஆனால் குறுக்குவழி கிடைக்கவில்லை.) பலனில்லாமல் விட்டவர்களையும், இம்மருந்தோடு அடிக்கடி வரும் கண் அழற்சியால் விட்டவர்களையும் தனித்தனி நிகழ்வுகளாகப் பிரித்தேன். ஊர் மாறிப் போனவர்களை நிறுத்தியவர்களாக எண்ணாமல், கடைசியாகப் பார்த்த நாள்வரை மட்டும் கணக்கில் வைத்தேன்.

இன்னொரு பிழை நுட்பமானது. 2018இல், எந்த மருந்தை அரசு மருத்துவச் சேவையில் தரலாம் என்று இங்கிலாந்தில் வழிகாட்டும் நைஸ் அமைப்பு இம்மருந்தைப் பரிந்துரைத்தபோதே, 16ஆம் வாரத்தில் கரப்பானின் கடுமையை அளக்கும் ஈசி மதிப்பெண் பாதியாவது குறைந்து, நோய் அன்றாட வாழ்வை எவ்வளவு பாதிக்கிறது என்று காட்டும் வாழ்க்கைத்தர மதிப்பெண்ணும் 4 புள்ளியாவது இறங்கியிருக்க வேண்டும், இல்லையேல் மருந்தை நிறுத்த வேண்டும் என்று வரையறுத்திருந்தது. அந்த 16ஆம் வார ஈசியை வைத்துக்கொண்டு முதல் நாளிலிருந்து கணித்த என் மாதிரி, நோயாளியைக் கணிக்கவில்லை, விதியை ஒப்பித்தது. கடிகாரத்தை 16ஆம் வாரத்தில் தொடங்கி, அதுவரை தொடர்ந்தவர்களை மட்டும் வைத்து மறுபடி ஓட்டினேன். துல்லியம் கண்கூடாகச் சரிந்தது. அறிக்கையில் அந்தக் குறைந்த எண்ணையே எழுதிக் கொடுத்தேன்.