பவளக்கால் ஊஞ்சல்

பாங்காக்கில் அலுவலகப் பயிற்சி வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. கூட வந்தவர்கள் அன்றிரவே சென்னைக்கு விமானம் ஏறிவிட்டார்கள். நான் மட்டும் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினேன். "ஷாப்பிங்கா?" என்று கேட்டார்கள். சிரித்து வைத்தேன். திருவெம்பாவையைத் தேடிப் போகிறேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

விஷயம் இதுதான். தாய்லாந்து அரசவைப் பிராமணர்கள் ஆண்டுதோறும் மார்கழி, தை வாக்கில் ஒரு சடங்கு நடத்துகிறார்கள். அதன் பெயர் த்ரியம்பவாய். மாணிக்கவாசகரின் திருவெம்பாவைதான் கடல் கடந்து போய் அப்படித் தேய்ந்திருக்கிறது. அதோடு சேர்ந்த இன்னொரு பெயர் த்ரிபவாய், அதாவது நம் ஆண்டாளின் திருப்பாவை. கிரந்த எழுத்துச் சுவடிகளில் இருந்த பாடலைப் பொருள் தெரியாமலே தலைமுறை தலைமுறையாக ஓதி வந்திருக்கிறார்கள். மார்கழிக் குளிரில் அம்மா எழுப்பிவிட, தூக்கம் கலையாமல் "ஆதியும் அந்தமும் இல்லா" என்று முனகிய எனக்கு, அந்தச் சடங்கு நடக்கும் இடத்தைப் பார்க்காமல் ஊர் திரும்ப மனசில்லை.

காலையில் முதலில் வாட் போ என்ற புத்தர் கோயில். அரண்மனை மதிலருகே ஒரு டுக்டுக்காரர் வழிமறித்து, "இன்று கோயில் மதியம்தான் திறக்கும், அதுவரை வேறு கோயில் காட்டுகிறேன், 20 பாத் போதும்" என்றார். இந்த ஏமாற்று வேலையைப் பற்றிப் பத்து பேர் எழுதியதைப் படித்திருக்கிறேன். இருந்தும் ஏறி உட்கார்ந்தேன் என்றால் வெயிலைத்தான் குறை சொல்ல வேண்டும். போய் நின்றது ஒரு நகைக்கல் கடை வாசலில். அதிலிருந்து தப்பித்து நடந்தே திரும்பியதில் ஒரு மணி நேரம் போனது, வலது குதிகாலில் ஒரு கொப்புளம் வந்தது. கோயில் காலையிலிருந்தே திறந்துதான் இருந்திருக்கிறது.

உள்ளே 46 மீட்டர் நீளத்துக்குப் புத்தர் சயனித்திருக்கிறார். திருவனந்தபுரத்துப் பெருமாளை மூன்று வாசல் வழியாக எட்டிப் பார்த்துப் பழகியவர்களுக்கு, இப்படிக் கைக்கெட்டும் தூரத்தில் தலையிலிருந்து கால்வரை நடந்தே சேவிப்பது கொஞ்சம் கூச்சமாகக்கூட இருக்கும். உள்ளங்கால்களில் முத்துச்சிப்பி பதித்து 108 மங்கலச் சின்னங்கள். அந்தப் பாதங்களின் முன்னால் என் கொப்புளக் காலோடு நெடுநேரம் நின்றேன். பின்பக்கச் சுவரோரம் 108 வெண்கலக் கலயங்கள் வரிசையாக இருக்கின்றன. 20 பாத் கொடுத்தால் ஒரு சின்னக் கிண்ணம் நிறையச் சில்லறை தருகிறார்கள். கலயத்துக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். எனக்கு முன்னால் ஒரு பாட்டி, பின்னால் ஒரு பள்ளிச் சிறுவன். டிங், டிங் என்று மண்டபம் முழுக்க மழை பெய்வதுபோல் ஓசை. தொண்ணூறைத் தாண்டியதும் எனக்குச் சில்லறை தீர்ந்துவிட்டது. எங்கேயோ ஒரு கலயத்தில் இரண்டிரண்டாகப் போட்டிருக்கிறேன்.

வெளியே இன்னொரு சன்னதியைச் சுற்றிப் பளிங்கில் ராமாயணக் காட்சிகள், மொத்தம் 152 பலகைகள். இவர்கள் ராமாயணத்தில் அனுமன் பிரம்மச்சாரி இல்லை, நிறையக் காதலிகள். அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது.

மதியச் சாப்பாட்டுக்குச் சைவமாக எனக்குக் கிடைத்தது தேங்காய்ப் பால் ஊற்றிய ஒட்டரிசிச் சோறும் மாம்பழமும்தான். அப்புறம் சனாம் சாய் நிலையத்தில் மெட்ரோ ஏறி, அடுத்த நிறுத்தமான சாம் யோட்டில் இறங்கினேன். அங்கிருந்து பத்து நிமிட நடை என்றது கைப்பேசி. என் காலுக்கு அது இருபது. வழியெல்லாம் புத்தர் சிலைக் கடைகள். ஒரு கடையில் ஆளுயரப் பொன்னிறப் புத்தர்கள், பிளாஸ்டிக் தாள் சுற்றி, விற்பனைக்குக் காத்திருந்தார்கள்.

தெருமுனை திரும்பியதும் அது தெரிந்தது. சாவ் சிங் சா, பெரிய ஊஞ்சல். 1784-இல் முதலாம் ராமா மன்னர் காலத்தில் எழுந்தது. இப்போது நிற்பது 2007-இல் ஆறு தேக்கு மரங்களைக் கொண்டு புதுப்பித்தது. த்ரியம்பவாய் விழாவில் இதில் ஆட்கள் ஆடுவார்கள். மூங்கில் கம்பத்தின் உச்சியில் கட்டிய பண முடிப்பை, உயர ஆடிப் போய்ப் பல்லால் கவ்வ வேண்டும். விழுந்து செத்தவர்கள் உண்டு. 1935-இல் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

அதனால் இன்று பலகையும் இல்லை, கயிறும் இல்லை. நாலுபுறமும் வண்டிகள் ஓட, நடுவே சிவப்புக் கால்கள் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. உண்மையைச் சொன்னால் சப்பென்றுதான் இருந்தது.

பக்கத்திலேயே அந்தப் பிராமணர்களின் கோயிலான தேவஸ்தானம், அதுவும் 1784-இல் கட்டியது. சிவன், பிள்ளையார், விஷ்ணு மூவருக்கும் வரிசையாக மூன்று வெள்ளைக் கட்டடங்கள். முன்னால் சின்னக் குளத்தின் நடுவே பிரம்மா. மூன்றும் பூட்டியிருந்தன. தினமும் திறக்க மாட்டார்களாம். இத்தனை மாதம் திட்டம் போட்ட நான் இதை விசாரிக்கவில்லை! பூட்டிய கதவைப் பார்த்தே கைகூப்பினேன். கண்ணில் நீர் முட்டியது. பக்தி என்று சொல்ல ஆசைதான், ஆனால் பாதிக்கு மேல் கால்வலி.

மறுபடி ஊஞ்சலுக்கு எதிரே வந்து, வாட் சுதாட் என்ற புத்தர் கோயிலின் மதிலோர நிழலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினேன். வெயில் சாய்ந்து அந்தக் கால்களின் சிவப்பு இன்னும் ஏறியிருந்தது. சட்டென்று நாக்கில் வந்தது வேறு பாட்டு. "சீரார் பவளங்கால்..." திருவாசகத்தின் திருப்பொன்னூசல். அடுத்த அடி வரவில்லை. அக்காவுக்குப் போன் செய்தேன். ஊரில் மணி மூன்று, பகல் தூக்கத்தில் இருந்தாள்.

"ஏண்டி, உடம்புக்கு ஏதாவதா?"

"அதெல்லாம் இல்லக்கா. பவளங்கால், அப்புறம் என்ன?"

கொட்டாவி விட்டுக்கொண்டே, "முத்தம் கயிறாக, ஏராரும் பொற்பலகை ஏறி இனிதமர்ந்து" என்று பாடினாள். முத்துக் கயிறு, பொன் பலகை. நான் நிமிர்ந்து அந்த வெற்றுக் கால்களைப் பார்த்தேன். "லைன்ல இருக்கியா?" என்று அக்கா இரண்டு முறை கேட்ட பிறகுதான் பதில் சொன்னேன்.

சாயங்காலம் சீலோம் மாரியம்மன் கோயில். தமிழர்கள் கட்டியது, ஆனால் வரிசையில் முக்கால்வாசி தாய்லாந்துக்காரர்கள், கையில் சாமந்தி மாலையும் தேங்காய்த் தட்டும். நெற்றியில் குங்குமம் வைத்த குருக்கள் என்னைப் பார்த்ததும், "எந்த ஊரும்மா? நடந்தா வந்தீங்க?" என்றார். கோயில் தரை சில்லென்று இருந்தது. கொப்புளக் காலை அதில் பதித்துக்கொண்டு, நடை சாத்தும்வரை தூணோரம் உட்கார்ந்திருந்தேன்.