‘காதல் ஜோடி தஞ்சம்’: மாவட்டப் பக்கத்தின் ஒரு சிறு செய்தி

தமிழ் நாளிதழ் ஒன்றின் மாவட்டப் பக்கத்தைப் பல ஆண்டுகளாகத் தயாரித்து வரும் துணை ஆசிரியர் என்ற முறையில், இக்காலத்துக் காதலை நான் பெரும்பாலும் செய்தியாகவே படித்திருக்கிறேன். மாலையில் தாலுகா நிருபர்கள் அனுப்பும் செய்திகளில், குடிநீர் கேட்டு நடந்த சாலை மறியலுக்கும் கோயில் கொடைவிழாவுக்கும் இடையில், ‘இளம்பெண் மாயம்’ என்றோ ‘காதல் ஜோடி போலீசில் தஞ்சம்’ என்றோ தலைப்பிட்ட ஒரு சிறு செய்தி அடிக்கடி வந்துவிடும். முதலாவது, மகளைக் காணவில்லை என்று தந்தை கொடுத்த புகார். இரண்டாவது, பெரும்பாலும் அதே பெண் சில நாட்கள் கழித்துக் கழுத்தில் மாலையுடன் தான் விரும்பியவரோடு எஸ்.பி. அலுவலக வாசலுக்கு வந்து நிற்பது. இரண்டும் ஒரே பெண்ணின் கதை என்பது பக்கத்தைத் தயாரிக்கும் எங்களுக்குத் தெரியும். வாசகருக்கு அவை வெவ்வேறு நாட்களின் வெவ்வேறு செய்திகள்.

இந்தச் செய்தி எப்போதும் ஒரே வாக்கியத்தில் முடியும்: “இருவரும் மேஜர் என்பதால், பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, பெண்ணை அவரது விருப்பப்படி கணவருடன் போலீசார் அனுப்பி வைத்தனர்.” அந்த வாக்கியத்துக்குள் எத்தனை மணி நேரம் அடங்கியிருக்கிறது என்பதை நிருபர்கள் தொலைபேசியில் சொல்லக் கேட்டிருக்கிறேன். மகளிர் காவல் நிலையத்துக்குள் தாய் அழுதுகொண்டிருப்பார். வாசலில் உறவினர்களும் ஊர்ப் பெரியவர்களும் உள்ளூர்க் கட்சிக்காரர்களும் கூடி நிற்பார்கள். பெண் அணிந்திருக்கும் தோடும் சங்கிலியும் அங்கேயே கழற்றி வாங்கப்படும். ‘சொத்தில் பங்கு கேட்க மாட்டேன்’ என்று எழுதித் தரும்படியும் சில இடங்களில் சொல்லப்படும். 1989ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு தனிச் சட்டத் திருத்தத்தின் மூலம் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு கொடுத்தது. 2005இல் நாடு முழுவதற்கும் அந்த உரிமை வந்தது. காவல் நிலையத்தில் வெள்ளைத்தாளில் எழுதி வாங்கப்படும் எந்த உறுதிமொழிக்கும் அந்த உரிமையைப் பறிக்கும் வலிமை கிடையாது. ஆனால் ‘எழுதி வாங்கிக்கொண்டு’ என்று நாங்கள் அச்சிடும்போது, அது ஏதோ சட்டப்படியான நடைமுறை போன்ற தோற்றத்தைப் பெற்றுவிடுகிறது. ஆகவே, என்ன எழுதி வாங்கினார்கள், யார் வாங்கினார்கள் என்று கேட்காமல் அந்தச் சொற்களை அச்சுக்கு அனுப்பக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

இப்படி வந்து நிற்கும் இளைஞர்களை விளையாட்டுத்தனமாக ஓடிப்போனவர்கள் என்று பேசும் வழக்கம் செய்தி அறைகளிலும் உண்டு. எனக்குத் தெரிந்தவரை அவர்களுடைய ஆயத்தம் மிகவும் பொறுப்பானது. கைப்பேசியில் தொடங்கிய பழக்கமாகவே இருந்தாலும், நூற்பாலை விடுதியிலோ செவிலியர் கல்லூரியிலோ அறிமுகமாகி, இரண்டு மூன்று ஆண்டுகள் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, வீட்டை விட்டு வரும்போது நகையை விட்டுவிட்டுப் பட்டச் சான்றிதழையும் பள்ளி மாற்றுச் சான்றிதழையும் ஆதார் அட்டையையும் எடுத்து வரும் பெண்களைப் பற்றியே நிருபர்கள் மீண்டும் மீண்டும் சொல்லியிருக்கிறார்கள். மாற்றுச் சான்றிதழ் வயதைக் காட்டும். பட்டச் சான்றிதழ் வேலை வாங்கித் தரும். இவ்வளவு தெளிவோடு எடுக்கப்பட்ட ஒரு முடிவை நாங்கள் நான்கு வரியில் சொல்லும்போது, அந்தத் தெளிவுக்கு அதில் இடமே இருப்பதில்லை.

இடம் கிடைப்பது முகவரிக்குத்தான். பெயர், வயது, தந்தை பெயர், தெரு, ஊர், வேலை பார்க்கும் இடம் ஆகிய அனைத்தும் இருந்தால்தான் செய்தி முழுமையானது என்பது மாவட்ட நிருபருக்குக் கற்பிக்கப்படும் முதல் பாடம். விபத்துச் செய்திக்கு அது பொருந்தும். காதல் திருமணச் செய்தியில் அதே விவரங்கள் வேறு வேலையைச் செய்கின்றன. சாதியின் பெயரை நாங்கள் எழுதுவதில்லை. ‘வெவ்வேறு சமூகத்தைச் சேர்ந்தவர்கள்’ என்று மட்டும் எழுதுவோம். ஆனால் அதே மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருவருக்குக் காலனி, கீழத்தெரு, நடுத்தெரு என்ற சொல் ஒன்றே போதும், மீதியை அவரே நிரப்பிக்கொள்வார். மணமகன் எந்த ஊரில், எந்த வகை நிறுவனத்தில் வேலை பார்க்கிறார் என்பதையும் சேர்த்துக் கொடுத்தால், தேடி வருபவருக்கு வழியும் காட்டியாகிவிட்டது. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பெண் பாலியல் குற்றத்துக்கு ஆளானால், அவருடைய அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு ஊடகங்களைத் தடுக்கிறது. உயிருக்கு ஆபத்து என்று மனு கொடுத்த பத்தொன்பது வயதுப் பெண்ணின் பெயரைத் தெருவோடு வெளியிட எந்தச் சட்டமும் தடையாக இல்லை. அங்கே செய்தியாளரின் பொறுப்புணர்வு ஒன்றுதான் தடையாக இருக்க முடியும்.

அண்மைக் காலமாக இந்தச் செய்திகள் காணொளியாக வந்து சேர்கின்றன. மாலையும் கழுத்துமாக இருவரும் கைப்பேசியைப் பார்த்து, தங்கள் விருப்பப்படியே திருமணம் செய்துகொண்டதாகவும், யாரும் தங்களைக் கடத்தவில்லை என்றும், தங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால் இன்னின்னார் பொறுப்பு என்றும் பேசி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். கடத்தல் வழக்கிலிருந்து தப்ப அவர்களுக்குக் கிடைத்த சாட்சியம் அது. ஆனால் பின்னணியில் தெரியும் கோபுரமோ பேருந்தின் பலகையோ அவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடும். அந்தக் காணொளியிலிருந்து ஒரு காட்சியை எடுத்துப் படமாகப் போடுவது இணையப் பதிப்புக்கு எளிது, பார்வைகளும் குவியும். அப்படிப் போடக் கூடாது என்று வாதிடுவதுதான் இன்று என் வேலையில் மிகவும் கடினமான பகுதி.

இவ்வளவு அழுத்தமாகச் சொல்லக் காரணம் உண்டு. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டபோது, அவருக்கும் வேறு சாதியைச் சேர்ந்த கௌசல்யாவுக்கும் திருமணமாகி எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. ‘தஞ்சம்’ செய்தி வெளியான மறுநாளே ஆபத்து முடிந்துவிடுவதில்லை என்பதை அந்தக் கொலை பதிவான கண்காணிப்புக் கேமரா காட்சி தமிழ்நாடு முழுவதற்கும் காட்டியது. 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில், வேறு சாதிப் பெண்ணைக் காதலித்த மென்பொருள் பணியாளர் கவின் கொல்லப்பட்டபோது அவருக்குத் திருமணமே ஆகியிருக்கவில்லை. அதன் பிறகு, அந்த ஆண்டு அக்டோபரில், ஆணவக் கொலைகளைத் தடுக்கும் சட்டத்துக்கான பரிந்துரைகளைத் தர ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார்.

தனிச் சட்டம் வரட்டும், வர வேண்டும். ஆனால் ஏற்கெனவே இருப்பவற்றைப் பற்றி எங்கள் செய்திகள் கேட்காமலிருப்பதுதான் என்னை வருத்துகிறது. 2018 மார்ச் 27 அன்று, ஆணவக் கொலைகளைத் தடுக்கக் கோரிச் சக்தி வாகினி என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஒவ்வொரு மாவட்டத்திலும் காவல் கண்காணிப்பாளர், மாவட்டச் சமூக நல அலுவலர், மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலர் ஆகியோரைக் கொண்ட தனிப்பிரிவு இருக்க வேண்டும் என்கிறது. இருபத்து நான்கு மணி நேர உதவி எண் வேண்டும் என்றும், பாதுகாப்பு இல்லத்தில் முதலில் ஒரு மாதமும் தேவைப்பட்டால் மாதந்தோறும் நீட்டித்து அதிகபட்சம் ஓராண்டு வரையும் தம்பதியரைத் தங்கவைக்கலாம் என்றும் அது சொல்கிறது. கடமை தவறும் அதிகாரி மீது துறை நடவடிக்கை எடுக்கவும் வழி செய்திருக்கிறது. 1967இல் அண்ணா ஆட்சியில் சட்டமாகி, இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவாகச் சேர்ந்த சுயமரியாதைத் திருமணத்துக்குப் புரோகிதரும் தேவையில்லை, மண்டபமும் தேவையில்லை. உறவினர் அல்லது நண்பர்கள் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும். அப்படி நடக்கும் திருமணத்தை ஊரறிய அறிவிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இரகசியமாக மணம் முடிக்க நேரும் இருவருக்கு இந்தத் தீர்ப்பின் அருமை புரியும்.

மதம் கடந்து மணப்பவர்களின் நிலை இதைவிடக் கடினம். மதம் மாறாமல் மணக்க 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் அறிவிப்புக் கொடுத்து முப்பது நாட்கள் காத்திருக்க வேண்டும். அந்த அறிவிப்பு பதிவு அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டப்படும். ஒரு சுவரில் ஒட்டப்படும் அந்தத் தாளே பல குடும்பங்களில் ஆளனுப்பக் காரணமாகும்போது, வீடுதோறும் போய்ச் சேரும் நாளிதழ் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

ஒருமுறை, பழைய செய்தி ஒன்றை இணையத்திலிருந்து நீக்க முடியுமா என்று ஒரு பெண் தொலைபேசியில் கேட்டார். அவருடைய குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தது. அவருடைய பெயரைத் தேடினால் முதலில் வருவது இன்னும் அந்தத் ‘தஞ்சம்’ செய்திதான். அச்சுத்தாள் மறுநாள் பழையதாகிவிடும் என்ற நம்பிக்கையில் உருவான எழுத்து முறை இணையத்துக்குச் சற்றும் பொருந்தவில்லை. பலரிடம் பேசிய பிறகு அவருடைய பெயரும் தெருவும் அந்தப் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டன.

இப்போது இவ்வகைச் செய்தி வரும்போது, எங்கள் பக்கத்தில் பெயர்களையும் தெருவையும் விட்டுவிட்டு வேறு சில தகவல்களை நிருபரிடம் கேட்டு வாங்குகிறோம்: மனுவை எந்த அதிகாரி பெற்றார், அது தனிப்பிரிவுக்கு அனுப்பப்பட்டதா, மிரட்டியவர்கள் மீது வழக்குப் பதிவானதா, தம்பதியருக்குத் தங்குமிடம் பற்றிச் சொல்லப்பட்டதா. நிருபர்களுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. பெயரில்லாத செய்தியை யார் படிப்பார்கள் என்றார்கள். பெரும்பாலான நாட்களில் தனிப்பிரிவு பற்றிய கேள்விக்கு விடை வருவதில்லை, ஆகவே ‘இது குறித்துக் காவல்துறை பதிலளிக்கவில்லை’ என்ற வரியைச் சேர்க்கிறோம். அப்படி ஒரு செய்தி வந்த மறுநாள் நண்பகலில், மனு தனிப்பிரிவுக்கு அனுப்பப்பட்டுவிட்டது என்று டி.எஸ்.பி. அலுவலகத்திலிருந்தே நிருபரைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அந்தத் தகவலையும் அடுத்த நாள் பதிப்பில், அதே நான்கு வரி அளவில், பெயரில்லாமல் வெளியிட்டோம்.