ஸ்பீட்வே பார்க்கப் போகிறவர் பையில் ஒரு பென்சில்

ஸ்பீட்வே என்றதும் நம்மில் பலருக்குக் கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேதான் நினைவுக்கு வரும். அது தார் போட்ட தடம். கியரும் பிரேக்கும் உள்ள வண்டிகள் ஓடும் இடம். நான் சொல்லப்போவது பெயரில் மட்டும் ஒத்துப்போகும் வேறொரு விளையாட்டு. மண் தரையில் முட்டை வடிவத் தடம், நான்கு பேர், நான்கு சுற்று, எல்லா வளைவும் இடப்பக்கம். 500 சிசி ஒற்றை சிலிண்டர் என்ஜின், எரிபொருள் மெத்தனால், ஒரே கியர், பிரேக் கிடையாது. வண்டியின் எடை 77 கிலோவுக்குக் குறையக் கூடாது. போலந்தில் இதன் பெயரே ‘ஜூஜெல்’, அதாவது உலைக்கசடு. ஒரு காலத்தில் தடத்தில் கொட்டியது அதைத்தான்.

‘ஹீட்’ என்று அழைக்கும் ஒரு ஓட்டம் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். முதல்முறை பார்க்கப் போகிறவர்கள் எட்டாவது ஹீட்டுக்குள் சலித்துப்போவது இதனால்தான். முதலில் கிளம்பியவர் முதலில் வந்தார், அவ்வளவுதானே என்று தோன்றும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் போலந்துக்காரரோ டென்மார்க்காரரோ ஒவ்வொரு ஹீட் முடிந்ததும் மடியில் எதையோ குறித்துக்கொண்டிருப்பார். அவருக்குச் சலிப்பதில்லை. ஸ்பீட்வே பார்ப்பதில் பாதி வேலை தாளில்தான் நடக்கிறது. வாசலில் விற்கும் நிகழ்ச்சி நிரலை வாங்காமல் உள்ளே போகாதீர்கள்.

உலகச் சாம்பியன்ஷிப்பான ஸ்பீட்வே கிராண்ட் பிரியில் ஒரு மாலைக்கு 16 பேர், 20 ஹீட். ஒவ்வொருவரும் ஐந்து முறை ஓடுவார். ஒவ்வொரு முறையும் எதிரில் மூவர். ஐந்து மூன்று பதினைந்து. ஆக, 20 ஹீட் முடியும்போது ஒவ்வொருவரும் மற்ற 15 பேரையும் சரியாக ஒரே ஒரு முறை சந்தித்திருப்பார். யாரும் விடுபடுவதில்லை, யாரையும் இரண்டு முறை சந்திப்பதுமில்லை. இந்த அட்டவணையின் அழகை எத்தனை முறை சொன்னாலும் எனக்குத் தீராது. புள்ளிகள் 3, 2, 1, 0. ஒரு ஹீட்டுக்கு ஆறு புள்ளி, மொத்தம் 120. இருபதாவது ஹீட் முடிந்ததும் உங்கள் தாளில் எல்லோர் புள்ளியையும் கூட்டிப் பாருங்கள். 120 வராவிட்டால் எங்கோ தவறவிட்டிருக்கிறீர்கள், அல்லது ஏதோ ஒரு ஹீட்டில் மூன்று பேர்கூட முடிக்கவில்லை.

புதியவர்கள் முதலில் தடுமாறும் இடம் எண்கள். முழுப் பருவமும் ஓடும் வீரர்கள் முதுகில் தங்கள் சொந்த எண்ணைப் போட்டிருப்பார்கள். பார்டோஷ் ஸ்மார்ஸ்லிக் என்றால் 95, ஃப்ரெட்ரிக் லிண்ட்கிரென் என்றால் 66. நிரலில் அச்சாகியிருக்கும் 1 முதல் 16 வரையான எண் வேறு. அது அந்த ஊருக்கு மட்டுமான வரிசை எண். தகுதிச் சுற்றில் வேகமாக ஓடியவர்கள் முதலில் தேர்ந்தெடுத்துக்கொள்வது. முதல் ஹீட்டில் 1 முதல் 4, இரண்டாவதில் 5 முதல் 8 என்று போகும். முதுகைப் பார்த்து எழுதினால் ஐந்தாவது ஹீட்டுக்குள் தாள் குழம்பிவிடும். ஹெல்மெட் உறையின் நிறத்தைப் பார்த்து எழுதுங்கள். கேட் என்பது தொடக்கக் கோட்டில் ஒருவர் கிளம்பும் இடம். உள்ளிருந்து வெளியே முதல் கேட் சிவப்பு, இரண்டாவது நீலம், மூன்றாவது வெள்ளை, நான்காவது மஞ்சள்.

பென்சில் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. மே மாத இரவில் போலந்தில் தாள் பனியில் நமத்துப்போகும். ஜெல் பேனா மை பரவும், பால்பாயின்ட் முனையில் மண் துகள் அடைத்துக்கொள்ளும். பென்சிலுக்கு இரண்டும் பொருட்டில்லை. தாளுக்கு அடியில் ஒரு தடித்த அட்டையும் வேண்டும்.

புள்ளியை மட்டும் எழுதினால் போதாது, சுழியம் ஏன் வந்தது என்பதும் தெரிய வேண்டும். கடைசியாக வந்தவருக்கு 0. வண்டி நின்றுபோனால் ‘ப’, விழுந்தால் ‘வி’, நடுவர் நீக்கினால் ‘நீ’, தொடக்க நாடாவைத் தொட்டால் ‘நா’ என்று நம் எழுத்திலேயே குறித்துக்கொள்ளலாம். போலந்து அறிவிப்பாளர் சொல்வதிலும் நான்கு சொற்களைக் காது பிடித்துவிட்டால் போதும்: பழுதுக்கு டெஃபெக்ட், விழுவதற்கு உபாடெக், நீக்கத்துக்கு விக்லுசேனியே, நாடாவுக்கு தாஷ்மா.

நாடா விவகாரத்தில்தான் அதிகக் குழப்பம். நால்வருக்கும் முன்னால் குறுக்கே இழுத்துக் கட்டிய நாடாக்கள் மேலே எழும்பும் நொடியில் ஓட்டம் தொடங்கும். அதற்கு முன் நாடாவைத் தொட்டவருக்கு அந்த ஹீட் போய்விடும். அவர் இடத்தில் 17 அல்லது 18 என்ற எண்ணுடன் மாற்று வீரர் வருவார். இரண்டு நிமிட அவகாசத்துக்குள் கோட்டுக்கு வராதவருக்கும் இதே கதிதான். நாடாவைத் தொடாமல் சற்று அசைந்தால் முதல்முறை எச்சரிக்கை, அதே மாலையில் மறுமுறை நீக்கம். எச்சரிக்கை வாங்கியவர் பெயருக்கு அருகே ஒரு பொட்டு வைத்துவிடுங்கள். கடைசி ஹீட்களில் அவர் கிளட்ச்சை ஒரு கணம் தாமதித்து விடுவதைப் பார்க்கலாம். ஏன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஓட்டத்தின் நடுவே யாராவது விழுந்து சிவப்பு விளக்கு எரிந்தால் தடத்தைப் பார்க்காதீர்கள், விளக்குகளைப் பாருங்கள். நடுவர் யாரை நீக்கினாரோ அவருடைய ஹெல்மெட் நிறத்தில் விளக்கு எரியும். மறு ஓட்டம் மூவருடன் நடக்கும், மாற்று வீரர் கிடையாது. முதல் வளைவில் நால்வரும் நெருக்கியடித்து விழுந்து, பழி யார் மீதும் இல்லை என்று நடுவர் கருதினால் நால்வரும் மறுபடி வருவார்கள். விழுந்தவர்தான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். விழவைத்தவரை நீக்குவதே பெரும்பாலும் நடக்கும்.

இனி தாளில் அச்சாகாத, நீங்களே போட வேண்டிய கட்டம். மேல் மூலையில் நான்கு பத்திகள் கோடு கிழித்து 1, 2, 3, 4 என்று தலைப்பிடுங்கள். ஒவ்வொரு ஹீட்டிலும் வென்றவர் எந்த கேட்டிலிருந்து கிளம்பினார் என்று ஒரு கோடு. அதற்குக் கீழே இரண்டாம் இடத்துக்குச் சிறிய கோடு. 20 ஹீட்டில் ஒவ்வொரு கேட்டிலிருந்தும் 20 பேர் கிளம்புகிறார்கள். எல்லாம் சமமாக இருந்தால் கேட்டுக்கு ஐந்து வெற்றி வர வேண்டும். வரவே வராது. ஏன் வராது என்பதில்தான் இந்த விளையாட்டின் சாரமே இருக்கிறது.

தடத்தின் மண் அசையாமல் கிடப்பதில்லை. நான்கு பின்சக்கரங்கள் வளைவில் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டு சுழலும்போது மேல்மண்ணை வாரி வெளிப்பக்கம் வீசுகின்றன. இரண்டு மூன்று ஹீட்டிலேயே உட்கோட்டருகே தரை வழுவழுப்பாகி, வேலியை ஒட்டிப் புது மண் குவியும். டயருக்குப் பிடிப்பு வேண்டும். பிடிப்பு இப்போது வெளியே இருக்கிறது. உள்ளே போகிறவருக்குத் தூரம் குறைவு, ஆனால் சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும், வண்டி நகராது. வெளியே போகிறவருக்குத் தூரம் அதிகம், ஆனால் வளைவு முடியும் இடத்தில் வண்டி ஈட்டிபோல் பாயும். வேலியை உரசிக்கொண்டு ஒருவர் இரண்டு பேரைக் கடந்து போகும் அந்தக் காட்சிக்குப் பின்னால் இருப்பது இந்த மண் கணக்கு.

நான்கு ஹீட்டுக்கு ஒருமுறை டிராக்டர்கள் வந்து, குவிந்த மண்ணை மறுபடி உள்ளே இழுத்து, தண்ணீர் தெளிக்கும். கணக்கு அங்கே புதிதாகத் தொடங்கும். அதனால் உங்கள் நான்கு பத்திகளிலும் நான்கு ஹீட்டுக்கு ஒரு குறுக்குக் கோடு போடுங்கள். ‘முதல் கேட் எட்டு வெற்றி’ என்று மொத்தமாக எழுதி வைத்தால் ஒன்றும் புரியாது. அந்த எட்டில் ஆறு, ஒவ்வொரு முறை தண்ணீர் தெளித்த பின்னும் வந்த முதல் இரண்டு ஹீட்களில் கிடைத்தவை என்று தெரிந்தால் எல்லாம் புரியும். டிராக்டர் ஓடும்போது தின்பண்டம் வாங்க எழுந்து போகிறவர்கள், எந்த வளைவில் எவ்வளவு தண்ணீர் விழுந்தது என்பதைத் தவறவிடுகிறார்கள். சாப்பாட்டை முன்பே முடித்துவிடுங்கள்.

வண்டியிலும் கவனிக்க ஒன்றிரண்டு உண்டு. நாடா எழும்பியதும் முன்சக்கரம் உயரே தூக்கினால், பின்சக்கரத்துக்குப் பிடிப்பு அதிகம் என்று பொருள். ரைடர் த்ராட்டிலை மூடியே ஆக வேண்டும், அந்தக் கணத்தில் பக்கத்துக் கேட்காரர் போய்விடுவார். மாறாக, பின்சக்கரம் இரைந்து சுழன்றும் வண்டி மந்தமாகக் கிளம்பினால் பிடிப்பு போதவில்லை. இரண்டுக்கும் மெக்கானிக்குகள் கிளட்ச்சிலும் கார்புரேட்டரிலும் கை வைப்பார்கள், அல்லது பின்பக்கப் பல்சக்கரத்தை மாற்றுவார்கள். பல் கூடினால் இழுவை கூடும், உச்ச வேகம் குறையும். முதல் இரண்டு ஹீட்டில் சுழியமும் ஒன்றும் வாங்கியவர் மூன்றாவதில் திடீரென்று வென்றால், வேறு வண்டியை எடுத்து வந்தாரா என்று பாருங்கள். தாளில் அதையும் குறிக்கலாம்.

மைதானம் எந்த வகை என்பது எல்லாவற்றையும் மாற்றும். டொருன் நகரின் மோட்டோஅரீனா, மான்செஸ்டரின் பெல் வ்யூ போன்றவை இந்த விளையாட்டுக்காகவே கட்டியவை; மண் ஆண்டுக்கணக்கில் இறுகிப் படிந்தது. மான்செஸ்டர் தடம் 347 மீட்டர், அகலமான வளைவுகள், அங்கே வெளிப்பக்கம் போவதற்குத் தாராளமாக இடம் உண்டு. கார்டிஃபின் ரக்பி மைதானத்திலும் வார்சாவின் கால்பந்து மைதானத்திலும் நடந்தபோது சில நாட்களுக்குள் மண்ணை லாரி லாரியாகக் கொட்டித் தடம் போட்டார்கள். தடம் சிறியது, வளைவு இறுக்கம், மண் இறுகுவதற்கு நேரமில்லை. 2015 ஏப்ரலில் வார்சா தேசிய மைதானத்தில் அதுதான் நடந்தது. போலந்தின் முன்னாள் உலகச் சாம்பியன் தோமாஷ் கோலோப் விடைபெறும் மாலை, நிரம்பிய அரங்கம். தடம் பெயர்ந்தது, நாடா இயந்திரமும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. 12 ஹீட்டோடு நிறுத்திவிட்டார்கள். அதுவரையான புள்ளிகளை வைத்து மாத்தேய் ஜாகர் வென்றதாக அறிவிப்பு வந்தது. தற்காலிகத் தடத்துக்குப் போகிறீர்கள் என்றால் பயிற்சியையும் பாருங்கள். ஒரே இடத்தில் பலருடைய வண்டி குதித்தால் அங்கே பள்ளம் விழுகிறது. மறுநாள் அந்த வளைவில்தான் விழுவார்கள்.

உட்காரும் இடத்துக்கு வருகிறேன். பிரதான நேர்தடத்தின் பக்கம் உட்கார்ந்தால் ஓட்டம் உங்கள் இடமிருந்து வலமாகப் போகும், முதல் வளைவு வலப்பக்கம். தொடக்கக் கோட்டுக்கும் அந்த வளைவுக்கும் இடையில், மேல் வரிசைகளில் எடுங்கள். நால்வரும் வளைவில் நுழையும் கோணம் முழுதாகத் தெரியும். வளைவுகளில் முதல் சில வரிசைகள் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். தெறிப்பைக் குறைக்கப் பின்சக்கரத்துக்குப் பின்னால் தடுப்பு உண்டுதான், இருந்தாலும் மண் வரும். கண்ணாடி, காதுக்கு அடைப்பான், கழுத்துக்கு ஒரு துணி மறக்காதீர்கள். குழந்தைகளுக்குக் காதுறை கட்டாயம்.

இருபதாவது ஹீட் முடிந்ததும் தாளின் முழுப் பயன் தெரியும். 120ஐ 16ஆல் வகுத்தால் ஏழரை. அதை ஒட்டித்தான் பத்தாம் இடத்துக்கு இழுபறி நடக்கும். புள்ளி சமமானால் கூடுதல் வெற்றி பெற்றவர் மேலே. 3, 0, 3, 0, 3 வாங்கியவருக்கும் 2, 2, 2, 2, 1 வாங்கியவருக்கும் ஒன்பதுதான். மூன்று வெற்றி உள்ளவர் முந்துவார். கூட்டுத்தொகையை மட்டும் எழுதியவருக்கு இது தெரியாது. 2025 முதல் முதலிரண்டு இடத்தில் இருப்பவர்கள் நேராக இறுதிக்குப் போகிறார்கள். மூன்று முதல் பத்து வரையானவர்கள் இரண்டு கடைசி வாய்ப்பு ஓட்டங்களில் மோதுவார்கள், இரண்டிலும் வென்றவர்கள் மட்டும் இறுதிக்கு. இங்கே கேட்டைத் தேர்ந்தெடுப்பது வீரர்கள், மேலே இருப்பவருக்கு முதல் உரிமை. உங்கள் நான்கு பத்திகளை எடுங்கள். கடைசிக் குறுக்குக் கோட்டுக்குப் பிறகு எந்த கேட் வென்றதோ அதைத்தான் அவர் கேட்பார். நீங்கள் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

இறுதி முடிந்ததும் இன்னொரு கணக்கு. சாம்பியன்ஷிப்புக்கு ஹீட் புள்ளிகள் போவதில்லை, இடம்தான் போகும். இறுதியில் 20, 18, 16, 14. ஐந்தாமவருக்கு 12, பிறகு 11, 10 என்று இறங்கிப் பதினாறாமவருக்கு 1. ஐந்து ஹீட்டும் வென்று 15 எடுத்தவர் இறுதியில் கடைசியாக வந்தால் 14தான். இரண்டு புள்ளி இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை 2025 காட்டியது. டென்மார்க்கின் வோயன்ஸில் நடந்த பருவத்தின் கடைசிச் சுற்றில் இறுதியை ஆஸ்திரேலியாவின் பிரேடி கர்ட்ஸ் வென்றார், ஸ்மார்ஸ்லிக் இரண்டாவது. பட்டம் ஒரே ஒரு புள்ளியில் ஸ்மார்ஸ்லிக்குக்கு, அவருடைய ஆறாவது. அன்று அவர் மூன்றாவதாக வந்திருந்தால் பட்டம் ஆஸ்திரேலியாவுக்குப் போயிருக்கும்.

வீட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு: கோடையில் போலந்தில் மாலை 7 என்றால் நமக்கு இரவு 10.30. தொலைக்காட்சிக் கேமரா முன்னால் போகிறவரையே துரத்தும். மூன்றாம் இடத்துக்கான சண்டை பாதி நேரம் திரையில் வராது. அதனால் ஹீட் முடிந்ததும் வரும் முடிவுப் பலகையைப் பார்த்து எழுதுங்கள். தாளின் ஓரத்தில் தேதி, மழை பெய்ததா, கூரை மூடியிருந்ததா, தண்ணீர் எத்தனை முறை தெளித்தார்கள் என்பதையும் குறித்து வையுங்கள். அடுத்த முறை அதே தடத்தில் ஓடும்போது முதல் ஹீட்டுக்கு முன்பே உங்களிடம் ஒரு கணக்கு இருக்கும்.