நகம் வருகிற இடம்

படம் ஓட்டுகிறவனுக்கு ரசிகர்களின் முகம் தெரியாது. வடசென்னையில் ஒரு தியேட்டரில் இருபது வருஷத்துக்கு மேல் ஆபரேட்டராக இருந்தேன். கேபின் ஜன்னல் வழியாக நான் பார்த்ததெல்லாம் பின்னந்தலைகள்தான். அதுவே போதும். பயந்தால் தலை சீட்டுக்குக் கீழே இறங்கிவிடும். சலிப்பு வந்தால் பக்கத்துத் தலையோடு பேச ஆரம்பிக்கும். சந்தோஷம் என்றால் பால்கனிக் கடைசி வரிசையில் எவனாவது எழுந்து நிற்பான், அவன் கை நிழல் திரையில் விழும்.

எந்த டிரெய்லரானாலும் முதலில் சென்சார் சான்றிதழ் வரும். பெரிய நடிகரின் படமென்றால் அந்தக் காகிதத்துக்கே விசில் பறக்கும். ஜுராசிக் பார்க் வரிசை டைனோசர் படத்துக்கு அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. அதன் முதல் ரசிகர்கள் சான்றிதழைப் படிக்கத் தெரியாத வயசுப் பிள்ளைகள். காலடிச் சத்தம் வரும்வரை அவர்களுக்கு அது என்ன படமென்றே தெரியாது. சத்தம் வந்த பிறகு முன் வரிசையில் ஒரு தலைகூட அசையாது.

நான் வளர்ந்தது பழைய வண்ணாரப்பேட்டை. பியூஸ் போன பல்பில் தண்ணீர் நிரப்பி, வெளியே ஒருத்தன் கண்ணாடி பிடித்து வெயிலை உள்ளே அனுப்ப, நடுவில் பிலிம் துண்டை வைத்து அப்பாவின் வேட்டியில் படம் காட்டிய கூட்டத்தில் நானும் ஒருவன். அந்தத் துண்டுகளுக்காகத் தியேட்டர் வாசலில் நின்றவன்தான் பிறகு கேபினுக்குள் போனேன். ஜுராசிக் பார்க் வரிசையில் முதல் படம் அமெரிக்காவில் 1993ல் வந்தது, இந்தியாவுக்கு 1994ல் வந்தது. 1997ல் இரண்டாம் பாகம் வந்தபோது நான் உதவியாள். அப்போது டிரெய்லரும் பிலிம்தான், நிமிஷத்துக்குத் தொண்ணூறு அடி. ஓடி ஓடிக் கீறல் விழுந்ததை வெட்டி எடுத்தால் கீழே பிள்ளைகள் கை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். கதாநாயகி இருக்கும் துண்டைக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வால் மட்டும் தெரிகிற துண்டானாலும் டைனோசர்தான் வேண்டும்.

அப்புறம் 2001ல் மூன்றாம் பாகம். அதற்குப் பிறகு நீண்ட இடைவெளி. 2014 நவம்பரில் நான்காம் படத்தின் டிரெய்லர் வந்தபோது எங்கள் கேபினில் பிலிமே இல்லை, டிஜிட்டல் சர்வர்தான். படத்துக்குக் கேடிஎம் என்ற சாவி வந்தால்தான் ஓடும், அதுவும் படக் கம்பெனி குறித்த நாளில், குறித்த சர்வரில்தான். டிரெய்லருக்கு அந்தப் பூட்டு கிடையாது. ஷோவுக்கு முன்னாலும் இன்டர்வெல்லுக்குப் பிறகும் எங்கே வேண்டுமானாலும் கோத்துக்கொள்ளலாம்.

அந்த டிரெய்லரில் ஒரு பெரிய குளம், அதன்மேல் கயிற்றில் ஒரு முழுச் சுறாவைத் தொங்க விட்டிருப்பார்கள். தண்ணீருக்குள்ளிருந்து மோசசாரஸ் என்ற ராட்சதக் கடல்விலங்கு எழும்பி அதை அப்படியே கவ்வும். படம் எடுத்தவர்கள் கவ்வுகிற நொடியை நினைத்து எடுத்திருப்பார்கள். எங்கள் தியேட்டரில் சத்தம் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. காசிமேட்டு ஆட்கள் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். சுறா தொங்குவதைப் பார்த்ததும் ஒரு பெரியவர், "இன்னாபா, முழுச் சுறாவ இரைக்கு மாட்டி வெச்சிக்கிறான்!" என்று கத்தினார். ஒரு பெண் குரல், "எத்தினி வூட்டுக்குப் புட்டு செய்லாம்!" என்றது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டுமென்று பால் சுறா தேடி அலைகிற ஊர் இது. மோசசாரஸைப் பார்த்து வாய் பிளந்ததெல்லாம் அதற்கப்புறம்தான். அன்றைக்கு எனக்கு அந்த டிரெய்லர் மிகவும் பிடித்துப்போனது. கடலும் மீனும் தெரிந்தவர்கள் அதைத் தங்கள் கண்ணால் பார்த்தார்கள், எங்கோ நடக்கிற கதை நம் கரைக்கு வந்துவிட்டது.

கல்லூரிப் பையன்களின் கட்சி வேறு. டிரெய்லர் முடிகிற இடத்தில் கதாநாயகன் பைக்கில் போவான், ராப்டர் வகை டைனோசர்கள் வேட்டை நாய் மாதிரி கூடவே ஓடும். பைக் வந்ததும் விசில். ஆனால் படம் விட்டதும் டீக்கடையில் பெரிய சண்டை. ராப்டரைப் பழக்கிவிட்டால் அப்புறம் என்ன பயம் என்றான் ஒருத்தன். எல்லாம் கிராபிக்ஸ் என்று அப்பட்டமாகத் தெரிகிறது, பழைய படத்தில் நிஜமாகவே நின்றது என்றான் இன்னொருத்தன். அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. முதல் படத்தில், சினிமாவுக்கு இயந்திர மிருகங்கள் செய்த ஸ்டான் வின்ஸ்டனின் பட்டறை டி.ரெக்ஸ் டைனோசரை நிஜ அளவில் இயந்திரமாகவே செய்தது. மழைக் காட்சியில் அதன் தோல் தண்ணீரைக் குடித்து, எடை கூடி, இயந்திரமே நடுங்கியது என்பார்கள். அந்தப் படம் முழுக்க டைனோசர்கள் திரையில் வருவதே சுமார் பதினைந்து நிமிஷம். மிச்ச நேரமெல்லாம் நம்மைக் காக்க வைத்தார்கள். கிடார் கம்பியைச் சுண்டி ஒரு குவளைத் தண்ணீரில் வளையம் எழுப்பியே பயம் காட்டினார்கள். இப்போது இரண்டரை நிமிஷ டிரெய்லரிலேயே பாதிப் படத்தைக் கொட்டிவிடுகிறார்கள். பையன்களுக்கு வந்த கோபம் நியாயமானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பிடிக்காத படத்துக்காக எவனும் மூன்று டீ குடித்துச் சண்டை போடுவதில்லை.

எனக்கு மறக்காதது 2018ல் வந்த ஐந்தாம் படத்தின் டிரெய்லர்கள்தான். எரிமலை வெடிக்கிறது, தீவிலிருக்கிற டைனோசர்களும் மனிதர்களும் சேர்ந்து ஒரே பக்கமாக ஓடுகிறார்கள். இன்டர்வெல்லில் இரண்டு பிள்ளைகள் கேபின் படிக்கட்டுக்கே வந்துவிட்டார்கள். "அதுங்கல்லாம் செத்துடுமாணா?" படம் இன்னும் வரவில்லை, தெரியாது என்றேன். அவர்கள் நம்பவில்லை. பெட்டியே என்னிடம்தானே இருக்கிறது!

அடுத்த டிரெய்லரில் ஒரு பெரிய வீடு. சிறுமி ஒருத்தி ஓடிவந்து கட்டிலில் ஏறிப் போர்வைக்குள் புகுந்துகொள்வாள். ஒரு கை, நீண்ட நகங்களோடு, மெதுவாக அவளை நோக்கி வரும். முதல் நாள் அது ஓடியபோது தலைகள் எல்லாம் இறங்கின, எதிர்பார்த்ததுதான். ஆனால் படம் முடிந்து வெளியே வந்த ஒரு பையன் கேட்டது வேறு. "ஏன்ணா, அந்தப் பாப்பா மட்டும் எதுக்குத் தனியா படுத்துனுகீது? அவங்கம்மா எங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. அவன் வீட்டைப் பார்க்காமலே எனக்குத் தெரியும். ஒரே அறை, ஒரே ஃபேன், வரிசையாகப் பாய், ஓரத்தில் ஆயா. எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. ராத்திரி பயந்து கண் விழித்தால் கை நீட்டின இடத்தில் யாராவது இருப்பார்கள். நகத்தைவிட அந்தப் பெரிய காலி அறைதான் அவனைப் பயமுறுத்தியிருக்கிறது.

அந்த வாரம் நான் ஒரு தப்பும் செய்தேன். சவுண்டைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரை 7ல் வைப்பதுதான் முறை. டிரெய்லர்கள் படத்தைவிடச் சத்தமாக வரும், அதனால் அந்த நேரத்துக்கு மட்டும் குறைப்பது என் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை மேட்னி, நல்ல கூட்டம். ஏதோ அவசரத்தில் குறைக்க மறந்துவிட்டேன். நகம் வருகிற இடத்தில் உறுமல் ஹாலையே உலுக்கியது. ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. நடு வரிசையிலிருந்து ஓர் அம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே ஓடுவது ஜன்னலில் தெரிந்தது. மெயின் படம் தொடங்கி வெகுநேரம் கழித்தும் எனக்கு நெஞ்சு படபடப்பு அடங்கவில்லை.

இன்டர்வெல்லில் அந்த அம்மாவே படிக்கட்டில் நின்றார். நாலு வயசு இருக்கும் பெண் குழந்தை, கன்னத்தில் கண்ணீர் காய்ந்திருந்தது. திட்டத்தான் வந்திருக்கிறார் என்று, "சத்தம் அதிகமாயிடுச்சு, மன்னிச்சுக்கமா" என்றேன்.

"பரவால்லணா. இன்டர்வெல் முடிஞ்சி அத்த மறுபடியும் போடுவீங்களா?"

"போடுவோம். வேணாம்னா எடுத்துடறேன்மா."

"எடுக்காதீங்க. பாத்தே ஆவணும்னு அடம் புடிக்கிறா. அந்த நகம் எப்ப வரும்னு மட்டும் சொல்லுங்க, கண்ணப் பொத்திக்கிறேன்."

"பாப்பா போர்வைக்குள்ள பூந்ததும் பொத்திடுமா."

மேலே போய் ஃபேடரை 5க்கு இறக்கினேன். விளக்கு அணைந்தது, சான்றிதழ் வந்தது, பெரிய வீடு வந்தது. சிறுமி ஓடிவந்து போர்வையை இழுத்துக்கொண்டாள். நடு வரிசையில் ஒரு முழங்கை உயர்ந்தது. அதன் பக்கத்திலேயே ஒரு சின்னத் தலை, கைக்கு அந்தப் பக்கமாக எட்டிப் பார்க்க நீண்டது.