அப்பாவின் காதுக்கட்டியும் தொலைந்த பிளாக்கும்

அப்பாவுக்குப் புற்றுநோய்க்கான 30-வது ரேடியேஷன் நேற்றோடு முடிந்தது. இதே சிகிச்சைக்குப் போகிறவர்கள் எங்களைப் போல நாட்களை வீணாக்கக் கூடாது என்றுதான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

ஒன்றரை வருடத்துக்கு முன் அப்பாவின் காது மடலில் ஆறாமல் இருந்த புண்ணை வெட்டி எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, அதாவது ஒரு வகைத் தோல் புற்றுநோய். "முழுசா எடுத்தாச்சு" என்றார்கள், நாங்களும் மறந்துவிட்டோம். அப்புறம் காதுக்கு முன்னால் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி. உமிழ்நீர்ச் சுரப்பியில் கிருமித்தொற்று என்று இரண்டு சுற்று ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். பழைய புண்ணைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. காது, தலைத்தோல், உதடு ஆகிய இடங்களில் வரும் இந்தப் புற்று பரவினால், பெரும்பாலும் முதலில் போவது காதருகே உள்ள பரோடிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பியின் நிணநீர்க் கணுக்களுக்கும் கழுத்துக் கணுக்களுக்கும்தான். இது முன்பே தெரிந்திருந்தால் முதல் நாளே வாயைத் திறந்திருப்பேன். கட்டியில் ஊசி வைத்து எடுத்துப் பார்த்த பிறகுதான் புற்று அங்கே பரவியிருப்பது தெரிந்தது.

புதிய மருத்துவமனையில் ரிப்போர்ட்டை நீட்டினேன். "இது போதாது, பழைய ஸ்லைடும் பிளாக்கும் வேணும்" என்றார் டாக்டர். பிளாக் என்றால் வெட்டி எடுத்த சதையை மெழுகில் பதித்து லேபில் வைத்திருப்பது; அதிலிருந்து மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டியது ஸ்லைடு. புற்று எவ்வளவு ஆழம், நரம்பில் ஏறியிருக்கிறதா என்று அவர்களே பார்க்க வேண்டுமாம். பழைய லேபுக்குப் போனால், "ரிப்போர்ட்தான் கொடுத்தாச்சே, இன்னும் என்ன?" என்று கவுன்டரில் இருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாவது முறை, சாவி வைத்திருப்பவர் லீவு. மூன்றாவது முறை டாக்டரின் கடிதம், அப்பா கையெழுத்திட்ட கடிதம், பழைய பில் மூன்றையும் கொண்டுபோன பிறகே உள்ளே போய்த் தேடினார்கள். சின்னப் பிளாஸ்டிக் சட்டத்தில் மெழுகு, அதற்குள் நகக்கண் அளவு சதை, ஓரத்தில் பென்சிலால் எழுதிய எண். கையில் வாங்கியதும் கண் கலங்கிவிட்டது. மறுபடி பார்த்ததில் நரம்பை ஒட்டிப் பரவியிருந்தது தெரிந்தது. பழைய ரிப்போர்ட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பரோடிட்டையும் கழுத்துக் கணுக்களையும் எடுத்த ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. முக நரம்பு அந்தச் சுரப்பி வழியாகத்தான் போகிறது. அதனால் சில வாரங்கள் ஒரு கண் முழுசாக மூடவில்லை. பகலில் சொட்டு மருந்து, இரவில் இமையை மூடி டேப் ஒட்டினோம்.

அடுத்த அலைச்சல் பல்லால் வந்தது. ரேடியேஷனின்போது தலை அசையாமல் பிடிக்கும் மாஸ்க்குக்கு முக அளவு எடுக்கப் போன அன்று, "பல் டாக்டர் சீட்டு எங்கே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ரேடியேஷனுக்குப் பிறகு பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம், அதனால் கெட்ட பல்லை முன்பே எடுத்துவிட வேண்டும். அப்பாவுக்கு இரண்டு பல் எடுத்தார்கள், புண் ஆற இரண்டு வாரம். ஆபரேஷனுக்குப் பின் ஆறு வாரத்துக்குள் ரேடியேஷன் தொடங்குவது நல்லது என்று சொல்லியிருந்ததால், ஒவ்வொரு நாளையும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஆபரேஷனுக்கு முன்பே பல்லைக் காட்டிவிடுங்கள். தாடி இருந்தால் மாஸ்க் எடுக்கும் முன்பே மழித்துவிடுங்கள், பிறகு மழித்தால் மாஸ்க் தளர்ந்துவிடும்.

ஆபரேஷனோ ரேடியேஷனோ செய்ய முடியாத நிலையில் இருப்பவர்கள் செமிப்ளிமாப் பற்றிக் கேளுங்கள். 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்யூனோதெரபி மருந்து அது, அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுக்கு எதிராகத் தூண்டிவிடும் மருந்து. உறுப்பு மாற்று செய்தவர்கள் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

மூன்று மாதத்தில் ஸ்கேன். பிளாக்கைத் திரும்பக் கேட்டு வாங்கி, வெயில் படாத பீரோத் தட்டில் வைத்திருக்கிறேன். உறை மேல் அப்பாவின் பெயரையும் தேதியையும் பெரிதாக எழுதியாயிற்று.